பிரதமருக்கு இரண்டடி பின்னால்: ஆர்.கே. தவான் என்ற பி.ஏ.வின் கதை

2018 ஆகஸ்ட் 6 அன்று டெல்லியில் ஆர்.கே. தவான் இறந்தார். நம்மூர்ப் பேப்பர்களில் அதற்குப் பெரிய இடமில்லை. மறுநாள் மாலை கலைஞர் போய்விட்டார், அப்புறம் தமிழ்நாட்டில் வேறு எந்தச் சாவைப் பற்றியும் யாரும் பேசவில்லை. இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. நெருக்கடிநிலைக் காலத்தில்தான், 1976 ஜனவரி 31 அன்று, கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டது. அந்த நெருக்கடிநிலைப் பிரகடனத்தின் வரைவைக் கையெழுத்துக்காக ஜனாதிபதி மாளிகைக்கு எடுத்துக்கொண்டு போனவர் இந்த தவான்தான்.

அப்போது அவர் மந்திரி இல்லை, எம்.பி. இல்லை, ஐ.ஏ.எஸ். கூட இல்லை. பி.ஏ. அவ்வளவுதான். 1962-இல் இந்திரா காந்தியிடம் நேர்முக உதவியாளராகச் சேர்ந்து, 1984 அக்டோபர் 31 காலை அவர் சுடப்பட்டு விழுகிற வரைக்கும் கூடவே இருந்தவர். 22 வருடம். இந்தியாவில் அரசியல் தலைவர்களின் பி.ஏ.க்களுக்குப் பஞ்சமே கிடையாது, நம் மாநிலத்திலேயே கட்சிக்கு ஒருவரைச் சொல்லலாம். ஆனால் ஒரு பி.ஏ.வின் கையில் எந்த மாதிரி அதிகாரம் சேர்கிறது, அது எங்கே பதிவாகிறது, கணக்குக் கேட்கும்போது யார் தலையில் விடிகிறது என்று பார்க்க தவானைப் போல இன்னொரு ஆள் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் இவர் வேலை பார்த்த வீட்டைப் பற்றி ஒரு உயர் நீதிமன்றத் தீர்ப்பு, இரண்டு விசாரணைக் கமிஷன்கள், மக்களவை உரிமைக் குழுவின் அறிக்கை ஒன்று என்று எல்லாம் எழுத்தில் கிடக்கிறது. வேறெந்த பி.ஏ.வுக்கும் இவ்வளவு காகிதம் கிடையாது.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1937-இல் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சினியோட்டில் பிறந்தவர். பிரிவினையில் இந்தப் பக்கம் வந்த பஞ்சாபிக் குடும்பம். எப்போதும் வெள்ளை உடை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய கருகருவென்ற முடி. வயது எழுபதைத் தாண்டிய பிறகும் அந்த முடி கறுப்பாகவே இருந்தது. காலையில் பிரதமர் வெளியே வருவதற்கு முன்னால் வந்துவிடுவார், இரவு அவர் உள்ளே போன பிறகுதான் கிளம்புவார், லீவு என்பதே எடுக்காதவர் என்று டெல்லியில் எல்லோரும் சொல்வார்கள். கல்யாணம் செய்துகொண்டதே 74 வயதில். அதுவரை அதற்கு நேரம் கிடைக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது.

இந்திரா வீட்டில் இவருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் யஷ்பால் கபூர், தவானின் உறவினர். அவருக்கும் முன்னால் நேரு வீட்டில் எம்.ஓ. மத்தாய் இருந்தார், 1946-இலிருந்து நேருவோடு இருந்து, பணம் சம்பந்தமான புகார்கள் நாடாளுமன்றம் வரை போனதால் 1959 ஜனவரியில் விலகினார். அதாவது இந்த நாற்காலி பழையது. அதில் உட்காருகிறவர்தான் மாறிக்கொண்டே இருந்தார்.

ராஜினாமா எந்தத் தேதியில் செல்லும்?

தவானைப் பற்றிப் பேசுவதற்கு முன் கபூரைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும், ஏனென்றால் ஒரு பி.ஏ.வால் ஒரு பிரதமரின் பதவியே ஆட்டம் காணும் என்பதை நாட்டுக்குக் காட்டியது கபூர்தான். ரேபரேலி தொகுதியில் இந்திராவின் 1971 தேர்தல் வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1975 ஜூன் 12 அன்று கொடுத்த தீர்ப்பைப் பலரும் "மேடை போட்டதற்கும் மின்சாரம் எடுத்ததற்கும் பதவி பறித்தார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அது பாதிதான். நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா இரண்டு குற்றச்சாட்டுகளை ஏற்றார். ஒன்று, உத்தரப் பிரதேச அதிகாரிகள் மேடையும் ஒலிபெருக்கிக்கு மின்சாரமும் ஏற்பாடு செய்தது. இன்னொன்று கபூர்.

கபூர் அப்போது பிரதமரின் செயலகத்தில் சிறப்புப் பணி அதிகாரி, அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி. அப்படிப்பட்ட ஒருவரின் உதவியை வேட்பாளர் தன் தேர்தலுக்குப் பயன்படுத்தினால் அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(7)-இன்படி முறைகேடு. கபூர் 1971 ஜனவரி 13 அன்று ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அதை ஏற்றுக்கொண்டதற்கான அறிவிப்பு ஜனவரி 25 தேதியிட்டு வந்தது; அதில் "ஜனவரி 14 முதல்" என்று போட்டிருந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் கபூர் ரேபரேலியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போதாததற்கு ஜனவரி 7 அன்றே, அதாவது ராஜினாமா கொடுப்பதற்கு முன்னாலேயே, முன்ஷிகஞ்சில் மேடையேறிப் பேசியிருந்தார்.

பிரதமரின் செயலாளராக இருந்த பி.என். ஹக்சர் கோர்ட்டுக்கு வந்து, "13-ஆம் தேதியே நான் வாய்மொழியாக ஏற்றுக்கொண்டு, நீங்கள் போகலாம் என்று சொல்லிவிட்டேன்" என்று சாட்சி சொன்னார். சின்ஹா அதை ஒப்புக்கொள்ளவில்லை. எழுத்தில் உத்தரவு வந்த 25-ஆம் தேதி வரை கபூர் அரசு ஊழியர்தான் என்றார். இந்திரா எப்போதிலிருந்து வேட்பாளர் என்பதிலும் இதே இழுபறி. பிப்ரவரி 1-இலிருந்துதான் என்றது அவர் தரப்பு. 1970 டிசம்பர் 29 அன்று பத்திரிகையாளர்களிடம் தொகுதி மாறப்போவதில்லை என்று சொன்னபோதே அவர் வேட்பாளராகிவிட்டார் என்றார் நீதிபதி.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எதிர்த்து நின்று, பிறகு வழக்கும் போட்ட ராஜ் நாராயணை இந்திரா தோற்கடித்தது 1,11,810 ஓட்டு வித்தியாசத்தில். கபூர் ரேபரேலி பக்கமே போகாமல் இருந்திருந்தாலும் ஜெயித்திருப்பார். ஒரு வாரம் முன்னால் ராஜினாமாக் கடிதம் கொடுத்து, கையோடு ஒரு தாளில் ஏற்பு உத்தரவை வாங்கி ஃபைலில் வைத்திருந்தால் இந்தக் குற்றச்சாட்டு எழுந்தே இருக்காது. அந்த வீட்டில் வேலை நடந்த விதமே அப்படி. "சொல்லியாச்சு, பார்த்துக்கொள்வார்கள்." எழுதி வாங்கும் பழக்கமே இல்லை.

அப்புறம் என்ன நடந்தது என்பது இன்னும் சுவாரசியம். 1975 ஆகஸ்டில் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். அரசு ஊழியரின் ராஜினாமா எந்தத் தேதியிலிருந்து என்று அரசிதழில் போட்டிருக்கிறதோ அதுவே முடிந்த முடிவு என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்து, பழைய வழக்குகளுக்கும் செல்லும்படி செய்தார்கள். வேட்பாளர் என்றால் யார் என்பதற்கான வரையறையும் மாறியது. நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்களை ஏற்று இந்திராவின் வெற்றியை உறுதிசெய்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றமே தொடக்கூடாது என்று போட்ட அரசமைப்புத் திருத்தப் பிரிவு மட்டும்தான் அடிபட்டது. ஒரு பி.ஏ.வின் ராஜினாமாத் தேதிக்காக நாட்டின் தேர்தல் சட்டம் பின்தேதியிட்டு மாறியது என்று சொன்னால் அதில் மிகை கொஞ்சம்கூடக் கிடையாது. கபூரோ அதற்குள் மாநிலங்களவை உறுப்பினராகி, அந்த நாற்காலியை தவானிடம் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

போனில் நடந்த ஆட்சி

தவானின் பதவிப் பெயர் கூடுதல் தனிச் செயலாளர். காகிதத்தில் அவருக்கு மேலே தனிச் செயலாளராக என்.கே. சேஷன் இருந்தார், நேரு காலத்து மனிதர். ஆனால் மந்திரிகளும் முதல்வர்களும் டெல்லி வந்தால் முதலில் தேடியது தவானை. சந்திப்புக்கு நேரம் கொடுப்பவர் அவர், போனை எடுப்பவர் அவர், எந்தக் காகிதம் மேலே போகிறது எது அடியில் கிடக்கிறது என்று முடிவு செய்பவர் அவர். சஞ்சய் காந்தி தலையெடுத்த பிறகு அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இரண்டு பேருக்குமே தவான்தான் கை. இது நமக்குப் புதிய செய்தி இல்லை. நம்மூரில் அமைச்சரைப் பார்க்கப் போகிறவன் முதலில் வணக்கம் வைப்பது பி.ஏ.வுக்குத்தான்.

1975 ஜூன் 25. மாலையில் இந்திராவும் மேற்கு வங்க முதல்வர் சித்தார்த்த சங்கர் ரேயும் ஜனாதிபதி ஃபக்ருதீன் அலி அகமதுவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள். இரவு பிரதமரின் ரகசியக் கடிதம் ஜனாதிபதி மாளிகைக்குப் போனது. அமைச்சரவையைக் கூட்ட நேரமில்லை, நாளைக் காலை முதல் வேலையாக அதைச் செய்கிறேன் என்பது அதன் சாரம். ஜனாதிபதியின் செயலாளர் பாலச்சந்திரனைப் பதினோரு மணிக்கு மேல் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைக் காட்டியிருக்கிறார்கள். அமைச்சரவை ஒப்புதல் இல்லாமல் இப்படிச் செய்வது அரசமைப்புப்படி சரியில்லை என்று பாலச்சந்திரன் சொன்னார், சட்டத்தைப் பார்க்கத் தன் அறைக்குப் போனார், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். அதற்குள் தவான் பிரகடனத்தின் வரைவோடு வந்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டதாக ஜனாதிபதியே அவரிடம் சொன்னார். இது நெருக்கடிநிலை அத்துமீறல்களைப் பிறகு விசாரித்த ஷா கமிஷன் முன் பாலச்சந்திரன் சொன்ன சாட்சியம்.

இந்த ஒரு காட்சியை வைத்துக்கொண்டே பி.ஏ.வின் வேலை என்ன என்று விளக்கிவிடலாம். ஜனாதிபதியின் செயலாளர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பிரதமரின் பி.ஏ. வேலையை முடித்துவிட்டார். காலை ஆறு மணிக்கு அமைச்சரவை கூடியபோது மந்திரிகளுக்குச் சொல்லப்பட்டது நடந்து முடிந்த ஒரு சங்கதி.

அதே இரவில் டெல்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் போனது. உத்தரவு போன வழியைப் பாருங்கள். பிரதமர் வீட்டிலிருந்து துணைநிலை ஆளுநர் கிருஷண் சந்துக்கு, அவரிடமிருந்து மின்சார நிறுவனத்தின் பொது மேலாளருக்கு, எல்லாம் வாய்வழி. ஸ்டேட்ஸ்மேனும் இந்துஸ்தான் டைம்ஸும் மட்டும் தப்பின, ஏனென்றால் அவை இருந்த கன்னாட் பிளேஸ் பக்கம் புதுடெல்லி நகராட்சியின் மின்சாரம்! உத்தரவை யாராவது எழுத்தில் போட்டிருந்தால் இந்த ஓட்டை கண்ணில் பட்டிருக்கும்.

1977-இல் ஜனதா கட்சி ஆட்சிக்கு வந்து, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் கமிஷன் போட்டார்கள். முன்னால் வந்து நின்ற டெல்லி அதிகாரிகள் பலரும் சொன்னது ஒரே பாட்டு: பிரதமர் வீட்டிலிருந்து சொன்னார்கள், தவான் சொன்னார், உள்துறை இணை அமைச்சர் ஓம் மேத்தா சொன்னார். அப்படிச் சொன்னதற்கு ஒரு துண்டுச் சீட்டு உண்டா என்றால் கிடையாது. "மேடம் சொல்கிறார்கள்" என்று தவான் போனில் சொன்னால் அது மேடம் சொன்னதா, சஞ்சய் சொன்னதா, தவானே சொன்னதா என்று எதிர்முனையில் இருப்பவர் கேட்க முடியாது. கேட்டால் அவர் வேலை போய்விடும். பி.ஏ.வின் அதிகாரம் என்பது முழுக்க முழுக்க இந்தச் சந்தேகத்தில் இருக்கிறது. கேட்கத் துணியாத அதிகாரிகள் இருக்கும்வரை அது ஓடும். கிருஷண் சந்தைப் பொறுத்தவரை அது மிக மோசமாக முடிந்தது, 1978 ஜூலையில் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

நான்கு அதிகாரிகள்

எல்லோரும் பேசுவது நெருக்கடிநிலை இரவை. என்னைக் கேட்டால் தவானின் கதையில் அதைவிட முக்கியமான சம்பவம் அதற்குச் சில வாரம் முன்னால் நடந்தது. சின்ன விஷயம், அதனாலேயே எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

1975-இல் சஞ்சய் காந்தியின் மாருதி நிறுவனத்தைப் பற்றி மக்களவையில் கேள்வி வந்தது. வெளிநாட்டு இயந்திரம் எதையும் இறக்குமதி செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வாங்கிய கம்பெனி அது. நிபந்தனை மீறப்பட்டதா என்பதுதான் கேள்வி. மந்திரி பதில் சொல்லவேண்டுமே, அதற்காகத் தொழில், வணிகத் துறைகளைச் சேர்ந்த நான்கு அதிகாரிகள் தகவல் சேகரித்தார்கள். நாடாளுமன்றக் கேள்விக்குத் தகவல் திரட்டுவது எந்த அரசு அலுவலகத்திலும் தினப்படி வேலை. இவர்கள் அதைக் கொஞ்சம் சுறுசுறுப்பாகச் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. உடனே நான்கு பேர் மீதும் ஊழல் புகார், வீடுகளில் சிபிஐ சோதனை. புகார் எங்கிருந்து வந்தது? சிபிஐ இயக்குநர் டி. சென்னுக்கு தவான் மூலமாக, பிரதமர் வீட்டிலிருந்து.

நான்கு பேரும் பெரிய ஆட்கள் இல்லை. துணைச் செயலாளர், மேலாளர் மட்டத்தில் இருந்தவர்கள். எதிர்க்கட்சித் தலைவர்களைச் சிறையில் போட்டதற்காவது "நாட்டின் பாதுகாப்பு" என்று ஒரு காரணம் சொன்னார்கள். இவர்கள் செய்த தப்பு, கேட்ட கேள்விக்குப் பதில் தேடியது.

இந்திரா 1978 நவம்பரில் சிக்மகளூர் இடைத்தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குத் திரும்ப வந்த நேரத்தில் இந்த விவகாரம் உரிமைக் குழு அறிக்கையாக அவையில் காத்திருந்தது. நாடாளுமன்றத்துக்காகத் தகவல் சேகரித்தவர்களைத் துன்புறுத்தியது நாடாளுமன்றத்தையே அவமதித்ததாகும் என்றது குழு. டிசம்பர் 19 அன்று அவை தீர்மானம் போட்டது. இந்திராவுக்கு உறுப்பினர் பதவி பறிப்பு, கூட்டத்தொடர் முடியும்வரை சிறை. அதே தீர்மானத்தில் தவானுக்கும் சென்னுக்கும் சிறை. முன்னாள் பிரதமரும் அவருடைய பி.ஏ.வும் ஒரே தீர்மானத்தால் சிறைக்குப் போனது அன்றைக்குத்தான். இந்திரா ஒரு வாரம் திகாரில் இருந்துவிட்டு டிசம்பர் 26 அன்று வெளியே வந்தார். 1980-இல் மறுபடி ஆட்சிக்கு வந்த பிறகு, 1981 மே 7 அன்று புதிய மக்களவை அந்தத் தீர்மானத்தையே ரத்துசெய்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1977-இலிருந்து 1979 வரை இந்திராவின் வீட்டு வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. கூடவே இருந்து பதவி அனுபவித்தவர்கள் எத்தனையோ பேர் "எனக்கு அப்போதே பிடிக்கவில்லை" என்று கமிஷனில் சொல்லிவிட்டு நழுவினார்கள். தவான் நழுவவில்லை. எஜமானியை மாட்டிவிட்டுத் தான் தப்பிக்கிற வழி அவருக்கும் திறந்துதான் இருந்தது, அந்தப் பக்கம் அவர் போகவில்லை. விசுவாசம் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு மரியாதை வரவில்லை, ஏனென்றால் அந்த நான்கு அதிகாரிகளுக்கு அவர் யாரிடம் விசுவாசமாக இருந்தார் என்பது முக்கியமே இல்லை.

அக்டோபர் 31, சந்தேக முள்

1984 அக்டோபர் 30 மாலை இந்திரா ஒடிசாவிலிருந்து டெல்லி திரும்பினார். மறுநாள் காலை நடிகர் பீட்டர் உஸ்தினோவுக்கு ஒரு ஆவணப்படத்துக்காகப் பேட்டி. வீடு சப்தர்ஜங் சாலை 1-ஆம் எண், அலுவலகம் பக்கத்திலேயே அக்பர் சாலை 1-ஆம் எண், நடுவில் ஒரு சிறிய கதவு. ஒன்பது மணி தாண்டி அவர் நடந்து வருகிறார். கான்ஸ்டபிள் நாராயண் சிங் வெயிலுக்குக் குடை பிடிக்கிறார். பின்னால் தவான், வீட்டு ஊழியர் நாது ராம், போலீஸ் அதிகாரி ராமேஷ்வர் தயாள். அப்போது ஜனாதிபதி ஜெயில் சிங் ஏமனில் இருந்தார். அன்று இரவு பிரிட்டன் இளவரசி ஆனுக்கு விருந்து. அதற்குச் சரியாக இருக்கும்படி ஜனாதிபதியின் விமானம் மாலை ஏழு மணிக்கு இறங்கவேண்டும், செய்தி அனுப்புங்கள் என்று நடந்துகொண்டே தவானிடம் சொல்லிக்கொண்டு வந்தார். தவானுக்கு அவர் கொடுத்த கடைசி வேலை அது.

கதவருகே நின்றிருந்த பியாந்த் சிங் கைத்துப்பாக்கியால் சுட்டார், சத்வந்த் சிங் ஸ்டென் துப்பாக்கியைக் காலி செய்தார். ராமேஷ்வர் தயாளுக்குக் குண்டு பட்டது. இரண்டடி பின்னால் இருந்த தவானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சோனியாவோடு அம்பாசிடர் காரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்குப் போனவர்களில் அவரும் இருந்தார்.

கீறல் இல்லாமல் தப்பியதே அவருக்குப் பாவமாகிவிட்டது. ராஜீவ் பிரதமரான சிறிது காலத்திலேயே தவானை வெளியே அனுப்பினார். பாதுகாப்பில் என்ன கோட்டை விட்டார்கள், சதி இருந்ததா என்று விசாரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி எம்.பி. தக்கர் நியமிக்கப்பட்டார். 1986 பிப்ரவரியில் இறுதி அறிக்கை கொடுத்தார். உஸ்தினோவ் சந்திப்பின் நேரம் மாற்றப்பட்ட விதம், அதைப் பற்றி தவான் சொன்ன விளக்கங்கள், இதையெல்லாம் அடுக்கி, சந்தேக முள் கணிசமான அளவுக்கு தவானை நோக்கித் திரும்புகிறது, அவருக்கு இதில் தொடர்பு இருக்கலாம் என்றார் தக்கர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். சந்திப்பு நேரத்தை மாற்றுவது ஒரு பி.ஏ. தினமும் செய்கிற வேலை. எதற்காக மாற்றினாய், யார் சொல்லி மாற்றினாய் என்று கேட்டால் "மேடம் சொன்னார்கள்" என்பதுதான் பதில். மேடம் இப்போது இல்லை. ஏழெட்டு வருடம் முன்னால் ஷா கமிஷன் முன் அதிகாரிகள் மாட்டிக்கொண்டு விழித்த அதே இடத்தில் இப்போது தவான் நின்றார், வாய்மொழி உத்தரவு, சாட்சி கிடையாது. கொலைக்கு அவருக்கு என்ன லாபம் என்று எவ்வளவு யோசித்தாலும் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த ஒரு மனுஷி உயிரோடு இருந்தால்தான் அவர் யாரோ. அவர் போனால் தவான் வெறும் ராஜிந்தர் குமார். தக்கர் தன் முள்ளை அந்தப் பக்கம் திருப்பியது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

ராஜீவ் அரசு அறிக்கையை வெளியிடாமல் பூட்டி வைத்தது. கமிஷன் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தாகவேண்டும் என்று சட்டம் சொல்லுமே? அதற்காகவே 1986-இல் விசாரணைக் கமிஷன்கள் சட்டத்தைத் திருத்தி, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணம் இருந்தால் வைக்கத் தேவையில்லை என்று ஆக்கினார்கள். ஆக, அந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்த இருவர் சம்பந்தப்பட்ட விவகாரங்களில் இந்த நாட்டின் சட்டம் இரண்டு முறை மாறியிருக்கிறது, 1975-இல் கபூர், 1986-இல் தவான் பெயர் இருந்த அறிக்கை. இரண்டாவது திருத்தத்தை 1990-இல் வி.பி. சிங் அரசு நீக்கியது.

இதற்கிடையே ஆனந்தராம் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு தவானை விசாரித்து, அவருக்கு எதிராக ஒன்றும் இல்லை என்று முடித்தது. 1989 ஜனவரி 6 அன்று சத்வந்த் சிங்கும், சதியில் பங்கு என்று தண்டிக்கப்பட்ட கேஹர் சிங்கும் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ராஜீவ், அம்மாவின் கொலையில் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு நீதிபதி எழுதி வைத்திருந்த அதே மனிதரைத் திரும்பவும் பிரதமர் அலுவலகத்துக்குள் கூப்பிட்டுக்கொண்டார். மார்ச்சில் இந்தியன் எக்ஸ்பிரஸ் அறிக்கையின் பகுதிகளை வெளியிட்டது. மார்ச் 15 அன்று மக்களவையில் நடந்த ரகளையில் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 63 பேர் ஒரே நாளில் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கடைசியில் மார்ச் 27 அன்று அறிக்கை மேஜைக்கு வந்தது.

ராஜீவ் ஏன் அவரைத் திரும்ப எடுத்தார்? தேர்தல் வருஷம், போஃபர்ஸ் பீரங்கி பேர ஊழல் புகார் கழுத்தைப் பிடித்த நேரம். ராஜீவைச் சுற்றி இருந்த நண்பர்கள் ஒவ்வொருவராக விலகியிருந்தார்கள். கட்சிக்காரன் ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த, யாருக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்த ஆள் தேவைப்பட்டிருக்கும். என் கணிப்பு இது.

பி.ஏ. முன்வாசலுக்கு வந்தபோது

இதற்குப் பிந்தைய தவான் அவ்வளவு சுவாரசியமில்லை. மாநிலங்களவை உறுப்பினரானார், நரசிம்ம ராவ் ஆட்சியில் நகர்ப்புற வளர்ச்சித் துறை இணை அமைச்சரானார், 1996-இல் ஹவாலா டைரி வழக்கில் பெயர் வந்து பதவி விலகினார். அந்த டைரி வழக்குகள் கோர்ட்டில் நிற்கவில்லை. 1998-இல் புதுடெல்லி மக்களவைத் தொகுதியில் நின்றார். எதிரே பாஜக வேட்பாளர் ஜக்மோகன். நெருக்கடிநிலையில் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் துணைத் தலைவராக இருந்து துர்க்மான் கேட் வீடுகளை இடித்த அதே ஜக்மோகன்! சஞ்சயின் இரண்டு கைகள் இரண்டு கட்சியில் நின்று மோதிக்கொண்டன, ஜக்மோகன் ஜெயித்தார். 22 வருடம் மற்றவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டவருக்கு ஓட்டு கேட்கத் தெரியவில்லை என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம், ஆனால் அந்த வருஷம் டெல்லியில் காங்கிரசில் யார் நின்றிருந்தாலும் பாடு பட்டிருப்பார்கள்.

2015 ஜூனில், நெருக்கடிநிலையின் நாற்பதாம் ஆண்டில், தொலைக்காட்சியில் கரண் தாப்பருக்கு நீண்ட பேட்டி கொடுத்தார். அலகாபாத் தீர்ப்பு வந்ததும் இந்திரா சொல்லச் சொல்ல அவருடைய ராஜினாமாக் கடிதம் எழுதப்பட்டு டைப்பும் ஆனது, மந்திரிகள் வந்து தடுத்ததால் அவர் கையெழுத்துப் போடவில்லை என்றார். 1977-இல் தேர்தல் வைத்தால் 340 இடம் கிடைக்கும் என்று உளவுத்துறை சொன்னதை நம்பித்தான் தேர்தல் அறிவித்தார் என்றார். தோல்விச் செய்தியைத் தானே போய்ச் சொன்னதாகவும், சாப்பிட்டுக்கொண்டிருந்த இந்திராவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாகவும் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, நெருக்கடிநிலையின் சூத்திரதாரி சித்தார்த்த சங்கர் ரேதான் என்றார். 1975 ஜனவரியிலேயே கடும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி ரே எழுதிய கடிதத்தையும் குறிப்பிட்டார்.

அந்த ஜனவரிக் கடிதம் உண்மையானது. ஜூன் 25 அன்று நெருக்கடிநிலைக்கு வழிசெய்யும் அரசமைப்பின் 352-ஆம் பிரிவை எடுத்துக் கொடுத்தவரும் ரேதான், அதை அவரே ஷா கமிஷன் முன் ஒப்புக்கொண்டார். ஆனால் அதே சாட்சியத்தில் ரே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அன்று இரவு வானொலி உரை தயாரித்துவிட்டு வெளியே வரும்போது ஓம் மேத்தா அவரிடம், உயர் நீதிமன்றங்களைப் பூட்டவும் எல்லாப் பத்திரிகைகளுக்கும் மின்சாரத்தை நிறுத்தவும் உத்தரவு போய்விட்டது என்றாராம். ரே திடுக்கிட்டு, அது கூடாது என்று சொல்லிவிட்டு இந்திராவைப் பார்த்த பிறகே கிளம்பினாராம். பிரகடனத்துக்குச் சட்டப் பிரிவு சொன்னது ரே என்றால், பூட்டச் சொன்னதும் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னதும் அந்த வீட்டுக்குள் இருந்த இன்னொரு கூட்டம். அந்தக் கூட்டத்தின் போன் தவானின் மேஜையில் இருந்தது. அதைப் பற்றிப் பேட்டியில் அவர் வாய் திறந்ததெல்லாம் சஞ்சயையும் இந்திராவையும் காப்பாற்றுகிற அளவுக்குத்தான். ரேயைப் பதில் சொல்லச் சொல்லவும் வழியில்லை, அவர் 2010 நவம்பரிலேயே இறந்துவிட்டார்.